செங்கோட்டையும் ஷென்கோட்டாவும்: டாம்கேட் இடமாற்றத்தில் ஒரு பெயர்ப் பிழை

பின்னணி

செங்கோட்டையில் தலைமை அலுவலகமும் புனலூரில் கிளையும் உள்ள ஒரு பார்சல் லாரி நிறுவனத்தில் நடந்தது இது. தென்காசி, பாவூர்சத்திரம், சுரண்டை பக்கத்துச் சரக்கு மாலையில் செங்கோட்டைக்கு வந்து சேரும். புளியரையில் மலை ஏறி, ஆரியங்காவு, தென்மலை வழியாக இரவோடு இரவாகப் புனலூருக்கும் கொல்லத்துக்கும் போய்விடும். பகலில் கணினி மெதுவாக ஓடினால் கவுண்ட்டரில் கொஞ்சம் முணுமுணுப்பு எழும், அவ்வளவுதான். மாலை ஆறு மணிக்கு மேல் நின்றால் லாரியே நின்றுவிடும். பின்னால் எடுத்த முடிவுகள் பலவற்றுக்கு இந்த நேரக் கணக்குதான் காரணம் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்ஆர் என்று எல்லோரும் சொல்லும் லாரி ரசீது, ஒவ்வொரு லாரிக்கும் அச்சிடும் லோடிங் ஷீட், சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி ஆவணமான இ-வே பில்லின் எண்கள், சரக்கைப் பெறுபவர் கூலி தரும் ‘டு பே’ வசூல், அன்றாடக் கணக்கு எல்லாமே ஒரே ஜாவா மென்பொருளில் இருந்தன. அதை எழுதிக்கொடுத்த நிரலாளர் வேறு வேலைக்குப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. கவுண்ட்டருக்குப் பின்னறையில் இருந்த ஒரு விண்டோஸ் கணினியில், ஜாவா வலை மென்பொருள்களை ஓட்டும் சர்வர் நிரலான டாம்கேட்டின் 7-ஆம் பதிப்பு மீது அது ஓடிக்கொண்டிருந்தது.

தரவுத்தளங்கள் இரண்டு. 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி நடைமுறைக்கு வந்தபோது பதிவு மாநிலவாரியாக ஆனது. தமிழ்நாட்டுப் பதிவெண் 33 என்று தொடங்கும், கேரளத்துப் பதிவெண் 32 என்று தொடங்கும். அதுவரை ஒன்றாக இருந்த கணக்கை அப்போது பிரித்து, செங்கோட்டைக்கு ஒரு தரவுத்தளம், புனலூருக்கு ஒரு தரவுத்தளம் என்று வைத்தார்கள். உள்நுழையும்போது பயனர் கிளையைத் தேர்ந்தெடுப்பார். மென்பொருள் அந்தக் கிளையின் பெயரைச் சொல்லித் தனக்குரிய தரவுத்தளத்தைக் கேட்கும்.

கேட்பது டாம்கேட்டிடம். தரவுத்தளத்தின் முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் எதுவும் நிரலில் இல்லை. ‘ஜேடிபிசி/புனலூர்’ என்று ஒரு பெயர் மட்டும் இருக்கும். அந்தப் பெயருக்குரிய இணைப்புத் தொகுப்பை, அதாவது தரவுத்தளத்தோடு திறந்துவைத்துப் பகிர்ந்துகொள்ளும் இணைப்புகளை, எடுத்துத் தருவது டாம்கேட்டின் வேலை. ஜேஎன்டிஐ என்று இதற்குப் பெயர். இந்த ஏற்பாட்டில் ஒரே பெயர் மூன்று இடங்களில் இருக்கும்: நிரல் கேட்கும் இடத்தில் ஒன்று, மென்பொருளுக்குள் உள்ள வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் ‘எனக்கு இப்படி ஒன்று தேவை’ என்று அறிவிக்கும் இடத்தில் ஒன்று, டாம்கேட் பக்கத்துக் கான்டெக்ஸ்ட் கோப்பில் ‘இதோ அது’ என்று முகவரியோடு தரும் இடத்தில் ஒன்று. மூன்றும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து மாறினாலும் ஒத்துவராது.

இடம் மாற்றும் முடிவு

பழைய கணினியின் வன்தட்டு சத்தம் எழுப்பத் தொடங்கியிருந்தது. டாம்கேட் 7-க்கான ஆதரவும் 2021 மார்ச் 31-உடன் முடிந்துவிட்டது. ஓணத்துக்குச் சரக்கு பெருகும் முன் மாற்றிவிட வேண்டும் என்று உரிமையாளர் விரும்பினார். லினக்ஸ் சர்வர் ஒன்றில் டாம்கேட் 9 என்று முடிவாயிற்று. 10-ஐ எடுக்காததற்குக் காரணம் உண்டு. அந்தப் பதிப்பிலிருந்து ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கும் தொகுதிப் பெயர்கள் ‘ஜகார்த்தா’ என்று மாறிவிட்டன. பழைய மென்பொருளை அப்படியே தூக்கி வைத்தால் ஓடாது. 9-இல் அந்தத் தொல்லை இல்லை.

மாற்றத்தை இரண்டு கட்டமாகச் செய்தது இந்த வேலையின் நல்ல பகுதி. முதலில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளங்களை மட்டும் புதிய சர்வருக்குக் கொண்டுபோய், பழைய டாம்கேட் 7-ஐ அவற்றோடு பேச வைத்து ஓட்டினார்கள். சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. அதன் பிறகே மென்பொருள் நகர்ந்தது. இந்த வரிசை பின்னால் எங்களை இருமுறை காப்பாற்றியது.

மென்பொருளை நகர்த்தியவர் அலுவலகத்தின் கணினி வேலைகளைப் பார்க்கும் இளைஞர். பழைய நிரலாளர் விட்டுச்சென்ற ஒரு குறிப்பை வைத்துக்கொண்டு செய்தார். அதில் மூன்று பொருள்கள் இருந்தன: மென்பொருள் முழுவதையும் ஒன்றாகக் கட்டிய வார் கோப்பு, ஜாவாவைத் தரவுத்தளத்தோடு பேச வைக்கும் மைஎஸ்க்யூஎல் டிரைவர் ஜார் (டாம்கேட்டின் லிப் அடைவில் வைக்க வேண்டியது), சர்வர்.எக்ஸ்எம்எல்லில் போர்ட் எண் மாற்றம். மூன்றையும் குறிப்பில் உள்ளபடியே செய்தார். டாம்கேட்டின் கான்ஃப் அடைவுக்குள் கேட்டலினா, அதற்குள் லோக்கல்ஹோஸ்ட் என்று ஓர் உள்ளடைவு உண்டு. அதில் இருந்த ஒரு சிறு கோப்பைப் பற்றிக் குறிப்பில் ஒரு வார்த்தைகூட இல்லை.

முதல் கோளாறு

ஞாயிற்றுக்கிழமை புதிய டாம்கேட்டைத் தொடங்கியபோது பிழை ஏதும் வரவில்லை. தொடங்கிவிட்டதாக லாக் கோப்பில் வழக்கமான வரி விழுந்தது, உலாவியில் முகப்புப் பக்கம் திறந்தது. திங்கள் காலையில் செங்கோட்டை எழுத்தர் உள்நுழைய முயன்றபோது வெள்ளைப் பக்கத்தில் நீளமான பிழைச்செய்தி வந்தது.

அதன் சாரம் இது: “‘ ’ என்ற வகுப்பைச் சேர்ந்த ஜேடிபிசி டிரைவரை ‘நல்’ என்ற முகவரிக்கு உருவாக்க முடியவில்லை.” வகுப்பின் பெயர் வர வேண்டிய மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமில்லை. முகவரி வர வேண்டிய இடத்தில் ‘நல்’, அதாவது வெறுமை.

டிரைவர் என்ற சொல்லைப் பார்த்ததும் எவருக்கும் கை லிப் அடைவுக்குத்தான் போகும். இளைஞரும் ஜார் கோப்பை மீண்டும் நகலெடுத்தார், புதிய பதிப்பைப் போட்டார், கோப்பின் அனுமதிகளைச் சரிபார்த்தார். மைஎஸ்க்யூஎல் டிரைவரின் 8-ஆம் பதிப்பில் வகுப்புப் பெயர் மாறியிருப்பது தெரிந்து, வார் கோப்புக்குள் இருந்த கட்டமைப்பில் அதையும் மாற்றினார். செய்தியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்போதுதான் என்னை அழைத்தார்கள்.

முதல் முடிவு எதையும் ஆராய்வதற்கு முன்பே எடுக்கப்பட்டது: பழைய டாம்கேட்டை மறுபடி ஓட விட்டோம். தரவுத்தளம் ஏற்கெனவே புதிய இடத்தில் பொதுவாக இருந்ததால் இதில் இழப்பு இல்லை. காலையில் புனலூர்க்காரர்கள் புதிய சர்வர் வழியாகப் போட்ட ரசீதுகளும் பழைய டாம்கேட்டில் அப்படியே தெரிந்தன. கையால் ரசீது எழுதிப் பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று ஒரு யோசனையும் வந்தது. எல்ஆர் எண் இரட்டித்துவிட்டால் சரக்கு இறக்கும் இடத்தில் பெரும் வழக்காகிவிடும் என்பதால் அதை ஏற்கவில்லை.

செய்தியைப் படித்த விதம்

மேலே உள்ள பத்தியில் ஒரு துப்பு இருக்கிறது. காலையில் புனலூர்க்காரர்கள் ரசீது போட்டிருக்கிறார்கள். அதாவது கேரளப் பக்கத்துக் கிளைக்குப் புதிய சர்வர் வேலை செய்திருக்கிறது. இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தொலைபேசியில் புனலூர் எழுத்தர், “எங்களுக்கு ஒரு குறையும் இல்லையே, அண்ணாச்சி” என்று சொன்னதை, அவர் இன்னும் பழைய முகவரியிலேயே நுழைகிறார் போலும் என்று விட்டுவிட்டார்கள். உலாவியில் உள்ள முகவரியைப் படித்துச் சொல்லச் சொன்னோம். புதிய முகவரிதான்.

இரண்டு கிளைகளும் ஒரே வார் கோப்பு, ஒரே டாம்கேட், ஒரே டிரைவர் ஜார், ஒரே மைஎஸ்க்யூஎல். ஒன்று ஓடி மற்றது ஓடவில்லை என்றால் பொதுவான எதிலும் குற்றமில்லை. ஜார் கோப்பு அங்கேயே கழிந்தது. வேறுபடக்கூடியது கிளைக்கென்று தனியாக எழுதியதில்தான் இருக்க வேண்டும்.

செய்தியின் உள்ளடக்கமும் இதையே சொல்கிறது. டிரைவர் ஜார் உண்மையில் இல்லாவிட்டால், இன்ன வகுப்பை ஏற்ற முடியவில்லை என்று அந்த வகுப்பின் முழுப்பெயரோடு செய்தி வரும். கடவுச்சொல் தவறென்றால் இந்தப் பயனருக்கு அனுமதி இல்லை என்று மைஎஸ்க்யூஎல்லே சொல்லும். தரவுத்தள சர்வரை எட்ட முடியாவிட்டால் தொடர்பு அறுந்ததாகச் செய்தி வரும். இங்கே பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. டிரைவரைத் தேடிக் கிடைக்காமல் போகவில்லை. எந்த டிரைவர் என்று டாம்கேட்டுக்கு யாரும் சொல்லவே இல்லை. கட்டமைப்பு தவறாக இருப்பது வேறு, கட்டமைப்பே போய்ச் சேராமல் இருப்பது வேறு. இது இரண்டாவது வகை.

பெயர் பிரிந்த இடம்

வார் கோப்பைப் பிரித்து, மூன்று இடங்களில் உள்ள பெயரையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம். நிரல் கேட்பது ‘ஜேடிபிசி/செங்கோட்டை’. வெப்.எக்ஸ்எம்எல் அறிவிப்பது ‘ஜேடிபிசி/செங்கோட்டை’. மெட்டா-இன்ஃப் அடைவில் உள்ள கான்டெக்ஸ்ட்.எக்ஸ்எம்எல் தருவதோ ‘ஜேடிபிசி/ஷென்கோட்டா’. புனலூர் மூன்றிலும் ஒன்றாகவே இருந்தது.

ஆங்கில ஆட்சிக் காலத்து எழுத்துக்கூட்டல் அது. 1956 நவம்பர் 1 வரை ஊர் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தது. நிறுவனத்தின் பழைய லெட்டர்பேடில் இன்றும் ஊர்ப்பெயரை அப்படித்தான் அச்சிட்டிருக்கிறார்கள். மென்பொருளின் முதல் பதிப்பில் நிரலாளர் அதைப் பார்த்தே பெயரிட்டிருக்கிறார். 2017-இல் கணக்கைப் பிரித்தபோது கிளைப் பட்டியலில் இப்போதைய எழுத்துக்கூட்டல் வந்தது. நிரல் அந்தப் பட்டியலிலிருந்தே பெயரை எடுப்பதால் வெப்.எக்ஸ்எம்எல்லும் அதோடு சேர்ந்து மாறியது. மெட்டா-இன்ஃப் கோப்பில் புனலூருக்குப் புதிய பதிவு சேர்ந்தது, பழைய பதிவின் பெயர் மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

அப்படியானால் இத்தனை ஆண்டுகள் எப்படி ஓடியது? குறிப்பில் விடுபட்ட அந்தச் சிறு கோப்பில் விடை இருந்தது. பழைய கணினியில், கான்ஃப் அடைவுக்குள் கேட்டலினா, லோக்கல்ஹோஸ்ட் என்ற உள்ளடைவுகளில் ‘புக்கிங்.எக்ஸ்எம்எல்’ என்று ஒரு கோப்பு இருந்தது. மென்பொருளின் பெயரிலேயே அங்கு ஒரு கோப்பு இருந்தால், வார் கோப்புக்குள் உள்ள கான்டெக்ஸ்ட் கோப்பை டாம்கேட் திரும்பியும் பார்க்காது. வெளியில் இருந்த கோப்பில் பெயர் ‘செங்கோட்டை’ என்று சரியாக இருந்தது. உள்ளே இருந்த பிழையான கோப்பை 2017 முதல் யாரும் படிக்கவே இல்லை. புதிய சர்வரில் வெளிக் கோப்பு இல்லாததால் உள்ளே இருந்தது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. இளைஞர் டிரைவர் வகுப்புப் பெயரை மாற்றியது இந்தக் கோப்பில்தான். ஆனால் ‘ஷென்கோட்டா’வைக் கேட்பார் யாருமில்லை, எனவே அந்தப் பதிவில் எதை மாற்றினாலும் பலன் தெரிந்திருக்காது.

பெயர் கிடைக்கவில்லை என்று டாம்கேட் ஏன் நேராகச் சொல்லவில்லை என்ற கேள்வி மிஞ்சுகிறது. வெப்.எக்ஸ்எம்எல்லில் அந்த அறிவிப்பே இல்லாதிருந்தால் சொல்லியிருக்கும். ‘இந்தப் பெயர் இந்தச் சூழலில் பிணைக்கப்படவில்லை’ என்ற செய்தி வந்து, ஐந்து நிமிடத்தில் விஷயம் முடிந்திருக்கும். அறிவிப்பு இருப்பதால், ‘செங்கோட்டை என்று ஒரு தரவு மூலம் வேண்டும்’ என்ற கோரிக்கையை டாம்கேட் ஏற்றுக்கொள்கிறது. அதற்கு இணையான பதிவு தன் பக்கத்தில் இல்லாவிட்டாலும், அந்தப் பெயரில் முகவரியும் டிரைவரும் இல்லாத ஒரு வெற்றுத் தரவு மூலத்தைத் தானே செய்து வைத்துவிடுகிறது. தேடினால் பெயர் கிடைக்கும். இணைப்புக் கேட்கும் வரை வெறுமை தெரியாது. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை எல்லாம் நலமாகத் தோன்றியது. முறைப்படி அறிவிப்பு எழுதியவருக்குக் குழப்பமான செய்தியும், எழுதாமல் விட்டவருக்குத் தெளிவான செய்தியும் கிடைக்கிற இந்த ஏற்பாட்டை என்னால் மெச்ச முடியவில்லை. ஆனால் டாம்கேட் இப்படித்தான்.

திருத்தமும் அதற்கான காரணமும்

செய்யக்கூடியவை இரண்டு இருந்தன. வார் கோப்புக்குள் உள்ள பெயரைத் திருத்தி மீண்டும் கட்டலாம். அல்லது பழைய கணினியில் இருந்ததுபோல வெளியில் கோப்பை வைக்கலாம். இளைஞருக்கு முதல் வழி பிடித்திருந்தது, ஒரே இடத்தில் எல்லாம் இருக்கும் என்பதால். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். தரவுத்தளக் கடவுச்சொல் வார் கோப்புக்குள் இருப்பது நல்லதல்ல; அந்தக் கோப்பு மின்னஞ்சலிலும் பென் டிரைவிலும் பலரிடம் போய்வருகிறது. தவிர, பழைய வெளிக் கோப்பு பல ஆண்டுகள் ஓடி நிரூபணமான ஒன்று.

வைக்கும்போது இரண்டைக் கவனித்தோம். கோப்பின் பெயர் வார் கோப்பின் பெயரோடு பொருந்த வேண்டும். விண்டோஸிலிருந்து லினக்ஸுக்கு வருகையில் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்து வேறுபாடு புதிதாகப் பொருட்படும். மேலும் கேட்டலினா, லோக்கல்ஹோஸ்ட் என்ற அடைவுப் பெயர்கள் சர்வர்.எக்ஸ்எம்எல்லில் எஞ்சினுக்கும் ஹோஸ்ட்டுக்கும் கொடுத்த பெயர்களிலிருந்து வருபவை. அங்கே ஹோஸ்ட் பெயரை மாற்றியிருந்தால் அடைவும் மாறும். கோப்பு அனாதையாகக் கிடக்கும். இங்கே மாறவில்லை. வார் கோப்புக்குள் இருந்த பிழையான கோப்பை நீக்கிவிட்டோம். இரண்டு கோப்புகள் இருந்தால் அடுத்து வருபவர் எதைத் திருத்துவது என்று தெரியாமல் மறுபடி இதே வழியில் நடப்பார்.

இரவு லாரிகள் போன பிறகு புதிய டாம்கேட்டை எழுப்பினோம். செங்கோட்டை உள்ளே போனது, புனலூரும் போனது. மாதிரி ரசீது போட்டு, லோடிங் ஷீட் அச்சிட்டுப் பார்த்துவிட்டு, மறுநாள் முதல் புதியதிலேயே ஓட விட்டோம்.

இரண்டாவது கோளாறு: செய்தியே இல்லாத முடக்கம்

பகல் முழுவதும் ஒழுங்காக ஓடியது. மாலையில் ஏற்றும் நேரம் உச்சத்துக்கு வந்தபோது செங்கோட்டையில் திரைகள் அப்படியே நின்றன. பிழைச்செய்தி இல்லை, வெள்ளைப் பக்கம் இல்லை, உலாவியின் வட்டம் சுழன்றுகொண்டே இருந்தது. சர்வரின் செயலி வேலையில்லாமல் இருந்தது, நினைவகமும் தாராளமாக இருந்தது. புனலூர் இப்போதும் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அந்த நேரத்தில் ஆள் குறைவு.

டாம்கேட்டை நிறுத்தித் தொடங்கச் சொல்லி உரிமையாளர் அவசரப்படுத்தினார். வாசலில் லாரிகள் நிற்கின்றன, அவர் கவலை நியாயமானது. “அண்ணாச்சி, இப்போது நிறுத்தினால் ஏன் நின்றது என்பதும் சேர்ந்து அழிந்துவிடும். இரண்டு நிமிடம் பொறுங்கள்” என்று கேட்டுக்கொண்டு, இரண்டு காரியங்கள் செய்தோம். டாம்கேட்டுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளுக்கு இழைகள் என்று பெயர்; ஜேஸ்டாக் கட்டளையால் எல்லா இழைகளின் நிலையையும் ஒரு கோப்பில் எடுத்தோம். மைஎஸ்க்யூஎல்லில் ‘ஷோ ப்ராசஸ்லிஸ்ட்’ கொடுத்து, அப்போதிருந்த இணைப்புகளின் பட்டியலையும் சேமித்தோம். பிறகு மறுதொடக்கம் செய்தோம். ஓடியது, சற்று நேரத்தில் மீண்டும் நின்றது. உடனே பழைய டாம்கேட்டுக்குத் திரும்பி, அன்றைய லாரிகளை அனுப்பி வைத்தார்கள்.

மைஎஸ்க்யூஎல் பட்டியலில் செங்கோட்டைத் தரவுத்தளத்துக்குச் சரியாக 8 இணைப்புகள் இருந்தன, எட்டும் ‘ஸ்லீப்’ நிலையில். தரவுத்தளம் எதையும் செய்துகொண்டிருக்கவில்லை. அதனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. ஜேஸ்டாக் கோப்பில், கோரிக்கைகளைக் கவனிக்கும் இழைகள் எல்லாம் ஒரே வரியில் நின்றன: இணைப்புத் தொகுப்பிலிருந்து ஓர் இணைப்பு வரும் என்று காத்திருக்கும் வரி. கால வரம்பு வைத்துக் காத்திருந்தால் வேறு ஒரு முறையின் பெயர் தெரியும். இங்கே தெரிந்தது வரம்பே இல்லாமல் காத்திருக்கும் முறை.

கட்டமைப்பில் இணைப்புகளின் உச்ச எண்ணிக்கையைச் சொல்லும் ‘மேக்ஸ்ஆக்டிவ்’ 60 என்று இருந்தது, காத்திருப்பின் வரம்பைச் சொல்லும் ‘மேக்ஸ்வெயிட்’ 10 நொடி என்று இருந்தது. அப்படியானால் 60 இணைப்புகள் கிடைக்க வேண்டும், பத்து நொடியில் பிழையாவது வர வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. டாம்கேட் 8 முதல் உள்ளே இருக்கும் இணைப்புத் தொகுப்பு நூலகம் டிபிசிபி 2 ஆகிவிட்டது. அதில் ‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்பது ‘மேக்ஸ்டோட்டல்’ ஆனது, ‘மேக்ஸ்வெயிட்’ என்பது ‘மேக்ஸ்வெயிட்மில்லிஸ்’ ஆனது. பழைய பெயரில் எழுதினால் நூலகம் பிழை எழுப்பாது. அந்த மதிப்பை விட்டுவிட்டு, தன் இயல்பு மதிப்பை எடுத்துக்கொள்ளும். மேக்ஸ்டோட்டலின் இயல்பு மதிப்பு 8. காத்திருப்புக்கு இயல்பு மதிப்பு, முடிவே இல்லாமல் காத்திருப்பது.

எட்டு இணைப்புகள் குறைவுதான், ஆனாலும் மெதுவாகவாவது நகர வேண்டுமே, ஏன் முழுதாக நின்றது என்று தேடியபோது லோடிங் ஷீட் பக்கத்தின் நிரலில் காரணம் கிடைத்தது. ரசீதுகளைப் படிக்க ஓர் இணைப்பை எடுக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு ரசீதுக்கும் இ-வே பில் எண்ணைப் பார்க்க இன்னோர் இணைப்பைக் கேட்கிறது. எட்டுப் பேர் ஒரே சமயத்தில் அச்சிட்டால், எட்டு இணைப்புகளும் ஆளுக்கொன்றாகப் போய்விடும். எல்லோரும் இரண்டாவதுக்குக் காத்திருப்பார்கள். முதலாவதை யாரும் விடமாட்டார்கள். புளியரை எஸ் வளைவில் மேலேயிருந்தும் கீழேயிருந்தும் வந்த லாரிகள் மூக்கோடு மூக்கு நின்றுகொண்டு, பின்னால் எடுக்க எவருக்கும் இடமில்லாமல் போவதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். 60 இணைப்புகள் இருந்த காலத்தில் இந்தக் குறை வெளியே தெரியவே இல்லை.

லாக் கோப்பில் இருந்த வரி

இத்தனையும் கண்டுபிடித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமையின் லாக் கோப்பை முதலிலிருந்து படித்தோம். டாம்கேட் முதன்முறை தொடங்கியபோதே எச்சரிக்கை ஒன்று விழுந்திருந்தது. தமிழில் சொன்னால் இப்படி: “பெயர் = ஷென்கோட்டா. மேக்ஸ்ஆக்டிவ் என்ற பண்பு டிபிசிபி 2-இல் பயன்படுவதில்லை, மேக்ஸ்டோட்டலைப் பயன்படுத்துங்கள். மேக்ஸ்டோட்டலின் இயல்பு மதிப்பு 8. நீங்கள் கொடுத்த 60 என்ற மதிப்பு புறக்கணிக்கப்படுகிறது.” அதன் கீழே புனலூருக்கும் அதேபோல் ஒன்று. மேக்ஸ்வெயிட் பற்றியும் தனித்தனியே வரிகள்.

முதல் வரியிலேயே இரண்டு கோளாறுகளும் இருக்கின்றன: தவறான எழுத்துக்கூட்டலும், மாறிப்போன பண்புப் பெயரும். ஆனால் அது பிழை என்ற தரத்தில் வரவில்லை, எச்சரிக்கை என்ற தரத்தில் வந்தது. தொடக்கத்தின்போது விழும் நூற்றுக்கணக்கான தகவல் வரிகளுக்கு நடுவே அது புதைந்துபோனது. சர்வர் தொடங்கியதா என்று பார்ப்பவர் கடைசி வரியைத்தான் பார்ப்பார்.

இரண்டாவது திருத்தம்

பண்புப் பெயர்களை மாற்றினோம். 60 என்ற எண்ணை மட்டும் அப்படியே வைக்கவில்லை. மைஎஸ்க்யூஎல் இயல்பாக அனுமதிக்கும் மொத்த இணைப்புகள் 151. இரண்டு தொகுப்புகளுக்கும் 60 வீதம் 120 ஆகிவிடும். வரம்புக்குள் மிச்சம் 31-தான். எனவே ஒவ்வொன்றுக்கும் 40 என்று வைத்தோம். மாலை நேரத்து ஆட்களின் எண்ணிக்கைக்கு, ஆளுக்கு இரண்டு இணைப்பு என்று கணக்கிட்டாலும் அது போதும். காத்திருப்பைப் பத்து நொடியிலேயே வைத்தோம். பத்து நொடி கழித்துப் பிழைச்செய்தி வருவது எழுத்தருக்கு எரிச்சல்தான். ஆனால் காரணம் தெரியாமல் வட்டம் சுழல்வதைவிட அது எங்களுக்கும் அவருக்கும் நல்லது.

பின்விளைவு

அதன் பிறகு மாலை நேரம் முடங்கவில்லை. ஓணத்துக்கு முந்தைய வாரத்தின் நெரிசலிலும், மைஎஸ்க்யூஎல் பட்டியலில் செங்கோட்டையின் இணைப்புகள் நாற்பதுக்கு வெகு கீழேயே நின்றன. பழைய கணினியை ஓணம் கழியும் வரை வைத்திருந்து, பிறகு அணைத்தார்கள்.

அடுத்த இடமாற்றத்தில் மாற்றிச் செய்பவை

நகர்த்த வேண்டியவற்றின் பட்டியலை நினைவிலிருந்தோ பழைய குறிப்பிலிருந்தோ எழுதுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டாம்கேட்டின் கான்ஃப் அடைவு முழுவதையும், அதே பதிப்பைப் புதிதாக இறக்கிப் பிரித்த ஒரு கான்ஃப் அடைவோடு ஒப்பிட்டு, வேறுபடுவதை எல்லாம் பட்டியலில் சேர்ப்பது இப்போது வழக்கமாகியிருக்கிறது. அப்படிச் செய்திருந்தால் புக்கிங்.எக்ஸ்எம்எல் தானே வெளியே வந்திருக்கும்.

முகப்புப் பக்கம் திறப்பதைச் சோதனையாக ஏற்பதில்லை. கட்டமைப்பில் உள்ள ஒவ்வொரு தரவு மூலத்திலிருந்தும் ஓர் இணைப்பை எடுத்து, ஒரு சிறு வினவலை ஓட்டி விடை வந்ததா என்று காட்டும் பக்கம் ஒன்றை மென்பொருளில் சேர்த்தார்கள். நாலைந்து வரி நிரல்தான். ஞாயிற்றுக்கிழமை அது இருந்திருந்தால் திங்கள் காலைக் குழப்பம் இல்லை. ஆனால் இரண்டாவது கோளாறை அந்தப் பக்கம் காட்டியிருக்காது. ஓர் இணைப்பு கேட்டால் அது கிடைத்துவிடும். அதற்கு லாக் கோப்பில் எச்சரிக்கை வரிகளை மட்டும் வடிகட்டி, ஒவ்வொன்றுக்கும் ‘தெரியும், விடலாம்’ அல்லது ‘திருத்த வேண்டும்’ என்று எழுதிக் கையெழுத்திட்ட பிறகே சர்வரை ஊழியர்களிடம் ஒப்படைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். சலிப்பான வேலை. முதல் தடவைதான் பட்டியல் நீளமாக இருக்கும்.

லோடிங் ஷீட் நிரலில் ஒரே இணைப்பை இரண்டு வேலைக்கும் கைமாற்றித் தரும்படி திருத்தினார்கள். திருத்தம் முழுமையானதா என்று பார்க்கச் சோதனைச் சர்வரில் மேக்ஸ்டோட்டலை 1 என்று குறைத்து அதே பக்கத்தைத் திறந்தோம். எங்காவது இரண்டாவது இணைப்பைக் கேட்டால், ஒரே ஆள் திறந்தாலும் பத்தாவது நொடியில் பிழை விழுந்துவிடும். லோடிங் ஷீட் தேறியது. ‘டு பே’ வசூல் அறிக்கையில் இன்னொன்று அகப்பட்டது, அதையும் திருத்தியாயிற்று. சோதனைச் சர்வரில் அந்த எண்ணை 1 ஆகவே விட்டுவைத்திருக்கிறோம்.